சிஸ்டர் பள்ளிக்கூடம்: காம்பவுண்டு ஒண்ணு, வாசல் ரெண்டு



மே மாதம் பிறந்தாலே நம்ம குழுக்களின் தீர்மான நோட்டில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும். "உறுப்பினரின் பிள்ளை படிப்புச் செலவுக்காக உள்கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது." ஆடு வாங்க, மாடு வாங்க, கிணறு தூர் வார என்று வாங்கிய கடனெல்லாம் பின்னுக்குப் போய்விடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, என்ன பண்ணுவது?

தப்பென்று சொல்ல வரவில்லை. படிப்புக்குச் செலவு செய்யாமல் வேறு எதற்குச் செய்வது? ஆனால் போன வருஷம் நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து சொன்ன கதையைக் கேட்ட பிறகு, இந்த இதழில் இதை எழுதியே ஆகணும் என்று முடிவு செய்தோம்.

அந்த அக்காவுக்குத் தீர்த்தமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கூலி வேலை. மூத்தது பெண் பிள்ளை. "சிஸ்டருங்க நடத்துற ஸ்கூல்ல ஒழுக்கம் நல்லா இருக்கும், இங்கிலீசும் வரும்" என்று ஊரே சொல்ல, குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி 1 ஆம் வகுப்பில் சேர்த்தார். நூத்துக்கு ரெண்டு வட்டி. மாதம் 1,500 வீதம் 10 மாதத்தில் அசலைக் கட்ட வேண்டும். முதல் மாத வட்டி 300, அடுத்த மாதம் 270 என்று இறங்கி இறங்கி, வட்டி மட்டும் 1,650 ஆகிறது. முதல் மூன்று தவணை சரியாகக் கட்டினார். செப்டம்பரில் மழை, வேலை இல்லை. பள்ளியில் ரெண்டாவது தவணைக் கட்டணம், வேன் காசு, ரெண்டும் சேர்ந்து நெருக்கியது. பிள்ளை மூணு வாரம் வீட்டில் உட்கார்ந்தது.

அப்புறம்தான் யாரோ சொன்னார்கள். அதே காம்பவுண்டுக்குள்ளே, அதே மரத்தடிக்கு அந்தப் பக்கம், அதே சிஸ்டர்கள் நடத்தும் இன்னொரு பள்ளி இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் அரசாங்கம் தருகிறது. அக்கா போய்க் கேட்டார். தலைமை ஆசிரியை அன்றைக்கே பேர் எழுதிக்கொண்டார். "எனக்கு முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா பதினஞ்சாயிரம் மிஞ்சியிருக்குமே" என்று கூட்டத்தில் அவர் சொன்னபோது யாருக்கும் பதில் இல்லை. குழுவிலும் யாரும் கேட்கவில்லையே! கடன் மனுவில் 'எந்தப் பள்ளி' என்று எழுதினோம். 'பள்ளியில் எந்தப் பிரிவு' என்று கேட்கத் தோன்றவில்லை. அதில் நம்ம பங்கும் இருக்கிறது.

எய்டட் என்றால் என்ன?

நம்ம ஜனங்கள் வாயில் எல்லாம் ஒண்ணுதான். 'ஆர்.சி. ஸ்கூல்', 'சாமியார் பள்ளிக்கூடம்', 'சிஸ்டர் ஸ்கூல்' என்று ஒரே பேரில் சொல்லிவிடுவோம். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளிகளில் ரெண்டு வகை உண்டு.

ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. எய்டட் ஸ்கூல் என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். இடமும் கட்டடமும் நிர்வாகமும் மறைமாவட்டத்துடையது, அல்லது சிஸ்டர்களின் சபையுடையது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கக் கஜானாவிலிருந்து வருகிறது. பாடப் புத்தகம் அரசாங்கப் புத்தகம். மேற்பார்வைக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருவார். இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1854 ஆம் வருஷம் சார்லஸ் வுட் என்பவர் அனுப்பிய கல்வி அறிக்கையில், தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் தரலாம் என்று எழுதினார். அதிலிருந்து மிஷன் பள்ளிகள் இந்த வழியில் பெருகின. நம்ம பக்கத்துக் கோவிலூர், பொம்மிடிக்குப் பக்கத்தில் பி.பள்ளிப்பட்டி மாதிரி பழைய கிறிஸ்தவ ஊர்களெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தருமபுரி மறைமாவட்டம் என்று தனியாக வந்தது 1997 இல். அதற்கு முன்னால் நாமெல்லாம் சேலம் மறைமாவட்டத்துக்குள் இருந்தோம்.

இன்னொன்று சுயநிதிப் பள்ளி. நர்சரி பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி என்று போர்டு இருக்கும். அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைகள் கட்டும் கட்டணத்தில்தான் டீச்சருக்குச் சம்பளம், கரண்ட் பில், எல்லாம். அதனால் கட்டணம் வாங்குகிறார்கள் என்று குறை சொல்வதற்கில்லை. அதன் கணக்கு அப்படி.

நாம் ஏமாறுவது எங்கே தெரியுமா? 1 ஆம் வகுப்பில் இல்லை. எல்.கே.ஜி.யில். எய்டட் தொடக்கப்பள்ளி 1 ஆம் வகுப்பில்தான் ஆரம்பம். மூன்றரை வயசுப் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பாமல், 'சிஸ்டர் ஸ்கூல்ல போடலாம்' என்று போனால், அந்தக் காம்பவுண்டில் இருக்கிற எல்.கே.ஜி. பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாகத்தான் இருக்கும். ரெண்டு வருஷம் அங்கே கட்டிப் பழகிவிட்டால், 1 ஆம் வகுப்பும் அதே வாசலிலேயே போய்விடுகிறது. பக்கத்து வாசலுக்கு மாற்றலாம் என்ற நினைப்பே வருவதில்லை. மாற்றினால் பிள்ளைக்குக் குறைச்சல் என்று சொந்தக்காரங்க வேற பேசுவாங்க. பேசட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சுலபமான அடையாளம் ஒன்று சொல்கிறோம். "இந்தப் பிரிவுப் பிள்ளைங்களுக்கு இங்க சத்துணவு மையம் இருக்குதா?" என்று கேளுங்கள். இருந்தால் அது எய்டட். அதோடு, "எந்த வழி, தமிழா இங்கிலீசா?" என்றும் கேளுங்கள். எய்டட் பள்ளிக்குள்ளேயே கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பிரிவு தனியாக இருக்கக்கூடும். தமிழ் வழிக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

எய்டட் பள்ளியிலும் சில இடத்தில் ஏதாவது ஒரு தொகை கேட்பார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகச் சந்தா என்பார்கள், கட்டட நிதி என்பார்கள். காலியான ஆசிரியர் இடத்துக்கு நிர்வாகமே சொந்தக் காசில் ஆள் போட்டிருந்தால் அந்தச் செலவும் இருக்கும். எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். கொடுத்தால் ரசீது வாங்குங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். பணம் இல்லை என்பதால் பேர் எழுதாமல் திரும்பி வராதீர்கள். சுயநிதிப் பிரிவில் சேர்ப்பதென்றே முடிவு செய்தாலும் ஒரு வார்த்தை. 2009 ஆம் வருஷச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அதற்குத் தலைவர். "குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

25 சதவீத சீட்டு கிடைக்குமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தரணும் என்று இருக்கிறது, அதைச் சொல்லி சிஸ்டர் ஸ்கூல் எல்.கே.ஜி.யில் கேட்கலாமே என்று. கேட்டால் கிடைக்காது. 2014 ஆம் வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. கத்தோலிக்கப் பள்ளிகள் அதில் அடங்கும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், அந்தப் பழைய தீர்ப்பு சரிதானா என்று பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். அதை நம்பி இந்த வருஷம் வரிசையில் நிற்க வேண்டாம்.

வேறு மதத்துப் பிள்ளையைச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். தீர்த்தகிரீஸ்வரர் கோயிலுக்கு மலையேறிப் போய்த் தீர்த்தமாடி வருகிற குடும்பத்துப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் படித்துத்தான் வந்திருக்கிறார்கள். அரசாங்க உதவி வாங்குகிற பள்ளி மதத்தையோ சாதியையோ மட்டும் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லக்கூடாது. இது அரசியல் சட்டத்தின் 29 ஆவது பிரிவில் இருக்கிறது.

"அங்க படிச்சா ஜெபம் பண்ணச் சொல்லுவாங்களா?" என்று ஒரு மாமியார் நம்மிடம் கேட்டார். காலையில் பிரார்த்தனை இருக்கும். ஜூன் மாதம் கத்தோலிக்கர்களுக்குத் திரு இருதய மாதம், பள்ளி திறக்கிற நாளில் ஃபாதர் வந்து ஆசீர்வாதம் செய்வதும் உண்டு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு வைப்பது வழக்கம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதுவும் அரசியல் சட்டம்தான், 28 ஆவது பிரிவு. விருப்பம் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் பணிவாகச் சொன்னால் போதும். எங்களுக்குத் தெரிந்து இதில் சண்டை வந்ததில்லை. பிள்ளைகள் எல்லாப் பாட்டையும் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் பாடும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய பயம் சர்டிஃபிகேட்டு. "சாமியார் ஸ்கூல்ல சேர்த்தா சாதிச் சான்றிதழ் மாறிடுமாமே?" மாறாது. பள்ளி யார் நடத்துகிறார்கள் என்பதற்கும் உங்கள் சாதிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி என்று ரெண்டு கட்டம் இருக்கிறதே, அதில் எழுதுவது பிள்ளையோடு கடைசி வரைக்கும் வரும். அதனால் அந்த ரெண்டு கட்டத்தில் மட்டும் அவசரம் கூடாது.

இந்து ஆதிதிராவிடர் குடும்பம் என்றால் எஸ்.சி. அதே குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தால், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், அதாவது பி.சி. இது நியாயமா என்று கேட்டு எத்தனையோ வருஷமாகப் போராட்டமும் வழக்கும் நடக்கிறது. சட்டம் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது. சித்தேரி மலைப் பக்கத்து மலையாளி பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எஸ்.டி. என்பது மதத்தைப் பார்ப்பதில்லை. அப்பா பேரில் ஏற்கனவே சாதிச் சான்றிதழ் இருந்தால் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே பள்ளியில் எழுதச் சொல்லுங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, 10 ஆம் வகுப்பில் தாசில்தார் ஆபீசுக்கும் கோட்டாட்சியர் ஆபீசுக்கும் அரூருக்கு நடையாய் நடந்தவர்கள் நம்ம குழுக்களிலேயே இருக்கிறார்கள்.

பேரும் தேதியும்

நம்ம கிறிஸ்தவ சகோதரிகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பேர், ஆதாரில் எழுத்துப்பிழையோடு இன்னொரு பேர். ஒரு பிள்ளைக்கு நாலு பேர்! முன்காலத்தில் கோயில் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டியே பள்ளியில் சேர்த்தார்கள். இனி அது செல்லாது. 2023 அக்டோபர் 1 ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் என்று சட்டம் மாறிவிட்டது. கைப்பிள்ளை வைத்திருக்கும் இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பேர் எழுதாமல் காலியாக விட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பேர் சேர்க்கலாம். 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஒரே பேராக முடிவு செய்து, எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பேரையும் சேர்த்து வைக்க ஆசையா? முதலிலேயே பிறப்புச் சான்றிதழில் சேர்த்துவிடுங்கள்.

1 ஆம் வகுப்புக்கு ஜூலை 31 ஆம் தேதியில் 5 வயசு முடிந்திருக்க வேண்டும். சில தாய்மார்கள் ஒரு வருஷம் முன்னாலேயே தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்த காலம் போச்சு. இப்போது பிள்ளைக்கு ஒரு எமிஸ் எண் கொடுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். பள்ளி மாறினாலும் அந்த எண்தான் கூடவே போகும்.

டீச்சர் ஏன் வீட்டுக்கு வருகிறார்கள்?

மே மாத வெயிலில் எய்டட் பள்ளி டீச்சர்களும் சிஸ்டர்களும் தெருத்தெருவாக வந்து "புள்ளைய நம்ம ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இவங்க ஸ்கூலுக்கு ஆளே இல்ல போல' என்று நாம் இளக்காரமாகப் பேசுவோம். விஷயம் வேறு. ஆகஸ்ட் 1 ஆம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று அரசாங்கம் கணக்குப் போடுகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் இடம் போய்விடும். ஆசிரியர் இடம் போனால் ரெண்டு வகுப்பு, மூணு வகுப்பை ஒருத்தரே பார்க்க வேண்டும். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போவார்கள். இப்படியேதான் கிராமத்துப் பள்ளிகள் கரைகின்றன. அதனால் சேர்ப்பதென்று முடிவு செய்தால் ஜூனிலேயே சேருங்கள், ஜூலை முழுக்கப் பிள்ளையை ஒழுங்காக அனுப்புங்கள். ஊர்த் திருவிழா, ஓசூர் பக்கம் வேலை என்று கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

காலைச் சாப்பாடும் நம்ம குழுவும்

இப்போது நம்ம பெண்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறோம்.

மதியச் சத்துணவு உங்களுக்குத் தெரியும். 1982 ஜூலை 1 ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது, எய்டட் பள்ளிகளுக்கும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 இல் மதுரையில் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போது கிடையாது. ஒரே தெருவில் அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை பொங்கலும் சாம்பாரும் சாப்பிட, ஆர்.சி. பள்ளிக்குப் போகிற பிள்ளை வரக்காப்பியோடு போனது. அந்த வித்தியாசம் தீர்ந்தது 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளில். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில்தான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். அதுவும் கத்தோலிக்கப் பள்ளி. அன்றைக்கு ஊரகப் பகுதிகளில் 3,995 எய்டட் பள்ளிகளில் சுமார் 2 லட்சத்து 23 ஆயிரம் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கிடைத்தது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 26 இல், சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் நகரத்து எய்டட் பள்ளிகளுக்கும் விரித்தார்கள்.

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அளவு வைத்தார்கள். கூலிக்கு விடியற்காலை கிளம்புகிற தாய்க்கு அடுப்பு மூட்டும் ஒரு வேளை மிச்சம். இதன் அருமையை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சமைப்பது யார்? கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள். அதற்கு வகுத்த விதிகளைப் பாருங்கள். குழுவில் குறைந்தது 3 வருஷம் உறுப்பினராக இருக்க வேண்டும். அதே ஊராட்சியில் குடியிருக்க வேண்டும். 10 ஆம் வகுப்பு படித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் வேண்டும், அன்றைய கணக்கை அதில் ஏற்ற. முக்கியமாக, உங்கள் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். பிள்ளை 5 ஆம் வகுப்பு முடித்துப் போய்விட்டால் அந்த இடம் இன்னொரு தாய்க்கு. தன் பிள்ளை சாப்பிடுகிற சட்டியில் எந்தத் தாயும் குறை வைக்க மாட்டாள் என்று யோசித்து வைத்த விதி. நல்ல யோசனை என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆக, பிள்ளையை எந்தப் பள்ளியில், எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்பது தாயின் வேலை வாய்ப்பையும் தீர்மானிக்கிறது. சுயநிதிப் பிரிவில் பிள்ளையைப் போட்டுவிட்டு இந்த வேலைக்கு மனு கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் மகளிர் குழு என்ற விதையே 1989 இல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் ஊன்றினார்கள். பள்ளிக்கூடச் சமையல் அறை வரைக்கும் அது வந்திருப்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருந்தால் தப்பில்லை.

சீருடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விலையில்லாச் சீருடை வருஷத்துக்கு 4 செட் தருகிறார்கள். ஆனால் அது சத்துணவில் பேர் பதிந்த பிள்ளைகளுக்குத்தான். "எம் புள்ள சத்துணவு சாப்பிடாது, டிபன் பாக்ஸ் கொண்டு வரும்" என்று கௌரவத்துக்குச் சொல்லிப் பேர் எழுதாமல் விட்ட சில தாய்மார்கள், ஜூனில் ஜவுளிக் கடையில் துணி எடுக்கக் கடன் வாங்கினார்கள். பேர் எழுதுங்கள். புத்தகம், நோட்டு, பை, காலணி, சின்ன வகுப்புக்குக் கலர் பென்சில் எல்லாம் பள்ளியிலேயே வரும். ஒன்றிரண்டு தாமதமாகலாம். அதுவரை பழைய பையே போதும்.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகை 1 ஆம் வகுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2022 இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள், 9, 10 க்கு மட்டும் என்றார்கள். "வாங்கித் தரேன், 200 ரூபா குடு" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள்.

தமிழ் வழியா, இங்கிலீசா?

இதில் நம்ம கூட்டமைப்புக்குள்ளேயே ரெண்டு கருத்து இருக்கிறது, மறைக்கவில்லை. இங்கிலீசு தெரியாமல் நாம் பட்ட அவமானம் பிள்ளைக்கு வேண்டாம் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் கணக்கையும் பார்க்கணும். அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010 இல் சட்டம் வந்தது. அதற்குத் தேர்வாணையம் இப்போது 1 ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறது. 1 ஆம் வகுப்பில் நாம் போடுகிற கையெழுத்து பிள்ளையின் இருபது வயசில் பலனைக் காட்டும். எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் இங்கிலீசு ஒரு பாடமாக 1 ஆம் வகுப்பிலிருந்தே உண்டு.

5 ஆம் வகுப்பு முடிகிறபோது மறுபடி யோசிக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் வந்தபோது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் 30 இல் எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் சேர்த்தார்கள். ஆனால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 இல் வந்ததே, அதில் 6 முதல் 12 வரை எய்டட் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இடமில்லை. தொடக்கப்பள்ளியை சிஸ்டரிடம் முடித்துவிட்டு 6 ஆம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாறினால் ரெண்டுக்கும் வழி இருக்கிறது. உங்கள் ஊரில் எந்தப் பள்ளி பக்கம், எது நன்றாக நடக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கூட்டமைப்பின் தீர்மானம்

மேலே சொன்ன அக்காவின் கதைக்குப் பிறகு நம்ம கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். இனி படிப்புக்கு உள்கடன் கேட்கும் மனுவில், பள்ளியின் பேரோடு, எய்டட் பிரிவா சுயநிதிப் பிரிவா, எந்த வழி, பள்ளி எழுதிக் கொடுத்த கட்டண விவரம் என்ன என்று ஊக்குநர் கேட்டு எழுதிக்கொள்வார். சுயநிதிக்குக் கடன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. தெரிந்து வாங்கட்டும் என்றுதான்.

மே மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, இந்த வருஷம் 1 ஆம் வகுப்பில் சேரப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, அப்பாவின் சாதிச் சான்றிதழ், எல்லாவற்றின் ஜெராக்சும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாலிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்வார். தப்பு இருந்தால் திருத்த ஜூன் வரைக்கும் நேரம் இருக்கிறது. அந்த அக்காவின் சின்னப் பையனுக்கும் இந்த வருஷம் 5 வயசு முடிகிறது. அவன் காகிதங்களைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம்.